முன்சீட்டுக் கால்மிதி

அந்த ஸ்போர்ட்ஸ் செடானில் பிரேக் பெடல்கள் இரண்டு. ஓட்டுபவரின் காலடியில் இருந்தது கம்பெனி வைத்தது. பக்கத்து சீட்டின் காலடியில் இருந்தது மனைவி வைத்தது. இரண்டாவது பெடல் யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் வண்டி வாங்கிய நாள் முதல் ஒவ்வொரு வளைவிலும் அவள் அதை மிதித்த மிதியில், முன்சீட்டுக் கால்மிதியில் வலது பாதம் படும் இடம் மட்டும் வழுக்கை விழுந்திருந்தது.

“அங்க ஒண்ணும் இல்லம்மா, எதுக்கு வீணா மிதிக்கற?” என்பான் கணவன்.

“உங்க பக்கம் இருக்கறதும் கிட்டத்தட்ட அப்படித்தான்” என்பாள் அவள்.

அது வாய்க்கு வந்த பேச்சல்ல என்று போன மாதம் தெரிந்தது. மலைப்பாதையில் இறங்கி வந்த பிரேக்கின் சூடு ஆறுவதற்குள், வீட்டுத் தெருவின் இறக்கத்தில் பெடல் பஞ்சுத் தலையணை மாதிரி உள்ளே போனது. இறக்கம் முடியும் இடத்தில் மெயின் ரோடு. கார் ஒருவழியாக நின்றபோது அதன் மூக்கு நிறுத்தக் கோட்டைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு பேருந்து கிறீச்சிட்டு நின்றது. ஓட்டுநர் மேலிருந்து எட்டிப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

“அந்த பஸ்தான் பிரேக் பிடிச்சுது. நம்ம வண்டி இல்ல” என்றாள் மனைவி. அவ்வளவுதான். சண்டை இல்லை, அழுகை இல்லை. மறுநாளிலிருந்து அந்தப் பேருந்திலேயே வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள்.

அவன் காப்பீட்டு அலுவலகத்தில் ஊரார் விபத்துகளைப் படித்துச் சம்பளம் வாங்குபவன். தன் காருக்கு அதெல்லாம் நடக்காது என்பது அவனுடைய தொழில் நம்பிக்கை. இப்போது காலையில் பக்கத்து சீட்டில் அவளுக்குப் பதிலாகச் சாப்பாட்டுப் பை உட்கார்ந்து வந்தது. பெல்ட் போடாவிட்டால் மணி அடித்ததால், பைக்கும் பெல்ட் போட வேண்டியிருந்தது. தன் ஆபீஸ் மேனேஜர் எப்படித் தும்முவார் என்று அவள் தினமும் நடித்துக் காட்டுவாள். பை அதையெல்லாம் செய்யவில்லை.

இதற்கிடையில் மகளோடு கொஞ்ச நாள் இருக்க வந்த மாமனார் தன் பங்குக்கு ஓர் ஆளைப் பிடித்துவிட்டார். “மாப்பிள்ளை, எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இதே மாதிரி வண்டிய வாங்கத் தேடறார். ஞாயித்துக்கிழமை காலையில வரச் சொல்லிட்டேன்.”

மனைவி ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். “சனிக்கிழமை இருட்டறதுக்குள்ள அந்த இறக்கத்துல, நான் உள்ள உக்காந்திருக்கும்போது, வண்டி கோட்டுக்கு முன்னால நிக்கணும். நின்னா இருக்கட்டும். இல்லைனா சாவியைக் கொடுத்துடுங்க.”

சனிக்கிழமை காலை வீட்டு வாசலில் கார் முன்னங்கால் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டுகள்மேல் உட்கார்ந்திருந்தது. பெட்டிகளிலிருந்து புது பிரேக் டிஸ்க்குகள் வந்தன, சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரியவை. அவற்றைக் கவ்விப் பிடிக்கும் காலிபர்கள் வந்தன, உதட்டுச் சாயச் சிவப்பில், பக்கவாட்டில் வெள்ளை எழுத்தில் பெயரோடு. மாப்பிள்ளை வீடியோ பார்த்திருந்தான். வீடியோவில் ஒரு ஆள் விசிலடித்துக்கொண்டே இருபது நிமிடத்தில் முடித்தான். நடுவே வெட்டி எறிந்த நேரத்தில் அந்த ஆள் எத்தனை முறை அழுதான் என்பதை யாரும் காட்டவில்லை.

மாமனார் நாற்காலியை இழுத்துப் போட்டு, செய்தித்தாளை விரித்து, மேற்பார்வைக்கு உட்கார்ந்தார். பழைய போல்ட்டுகள் பிடிவாதம் பிடித்தன. ஸ்பேனர் நழுவி முட்டி சிராய்த்தது. மதியத்துக்கு மேல் இரண்டு பக்கமும் ஏறிவிட்டன. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தபோது மாப்பிள்ளைக்கு உச்சி குளிர்ந்தது.

“மாப்பிள்ளை, எழுத்து தலைகீழா இருக்கே?” என்றார் மாமனார்.

“அது டிசைன் மாமா.”

“யாரு படிக்கறதுக்கு?”

“சக்கரம் மாட்டிட்டா எழுத்து பாதிதான் தெரியும் மாமா. ஸ்டைலு.”

“சரி சரி. நமக்கு ஸ்டைல் தெரியாது” என்று அவர் பேப்பருக்குள் திரும்பிப் போனார்.

பிரேக் ஆயில் போகும் ரப்பர் ஓஸ் ஒன்று சற்று முறுக்கிக்கொண்டு நின்றது. அதையும் மாப்பிள்ளை ஸ்டைல் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டான்.

அடுத்தது பிரேக் ஆயிலுக்குள் புகுந்திருக்கும் காற்றை எடுக்கும் வேலை. அதற்கு இரண்டு பேர் வேண்டும். உள்ளே ஒருவர் பெடலை அமுக்க, வெளியே ஒருவர் காலிபரில் இருக்கும் சின்னத் திருகைத் திறந்து மூட வேண்டும். “ஸ்டாண்டுமேல நிக்கற வண்டி எங்கேயும் போகாது” என்று உறுதிமொழி வாங்கிக்கொண்டு, மனைவி ஒரு மாதம் கழித்து முதன்முறையாகக் காருக்குள் ஏறினாள்.

“அமுக்கு.”

“அமுக்கிட்டேன்.”

“பிடி... பிடி... இப்ப விடு.”

“கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் சொன்னதை ஒரு தடவையாவது உடனே செஞ்சிருக்கீங்களா? இப்ப நான் மட்டும் செய்யணுமாக்கும்.”

“அமுக்கும்மா.”

திருகில் மாட்டிய குழாய் வழியாக ஆயில் பாட்டிலில் வடிந்தது. ஒரு குமிழிகூட இல்லை. காற்றே இல்லை என்று மாப்பிள்ளைக்கு ஒரே பெருமை. ஆனால் பெடல் தரைவரை போனது. மறுபடி அமுக்கு, பிடி, விடு. மறுபக்கம் போய் அமுக்கு, பிடி, விடு. புது ஆயில் டப்பா பாதியானது. பெடல் அப்போதும் தரைவரை போனது.

“ஏங்க, இது அன்னைக்குப் பஞ்சு மாதிரி போனதை விட மோசமா இருக்கு” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அவள் இறங்கினாள். குரலில் கோபம் இல்லை. அவள் தண்ணீர் எடுக்க உள்ளே போனாள். வெயில் மதில்மேல் சாய்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை வரப்போகிற ஆள், பை உட்கார்ந்த சீட்டில் கூலாக உட்காருவது மாப்பிள்ளையின் மனக்கண்ணில் ஓடியது. அவன் சக்கரம் இல்லாத சக்கரக் குழியின் பக்கத்தில் மல்லாந்து படுத்துவிட்டான்.

மாமனார் எழுந்து வந்து, இடுப்பில் கை வைத்து, தலையை எவ்வளவு சாய்க்க முடியுமோ அவ்வளவு சாய்த்தார். “என்ன கம்பெனின்னு படிக்கலாம்னா, உங்க பக்கத்துல நானும் படுக்கணும் போலிருக்கு. இப்ப உங்களுக்கு நேரா தெரியுதா?”

தரையில் படுத்திருந்த மாப்பிள்ளை அண்ணாந்து பார்த்தான். எழுத்து அவனுக்கு நேராகத் தெரிந்தது. கூடவே வேறொன்றும் தெரிந்தது. காற்று எடுக்கும் திருகு, சொட்டிக்கொண்டே, அவன் மூக்கைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது. கீழ்நோக்கி.

காற்று மேலே போகும். திருகு உச்சியில் இருக்க வேண்டும். இவ்வளவு நேரமும் அவன் அடித்தளத்தில் ஆயிலை வடித்துக்கொண்டிருந்தான். காற்று மேல்மாடியில் கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தது.

பெட்டிகளில் இடது, வலது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். காருக்கு எது இடது என்பதை உள்ளே உட்கார்ந்தவர்தான் சொல்ல வேண்டும். இவனோ கண்ணாடி பார்த்துத் தலை வாருகிறவன் மாதிரி காருக்கு எதிரே நின்று, தன் இடக்கைப் பக்கம் இடதை மாட்டியிருந்தான். பக்கம் மாறிய காலிபர் தலைகீழாகத்தான் உட்காரும். எழுத்து மதியத்திலிருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. மாமனாரும்.

தண்ணீரோடு மனைவி வந்து நின்றாள். ‘சின்ன அட்ஜஸ்ட்மெண்ட்’ என்று சொல்லித் தப்பிக்க ஒரு வாய்ப்பு இருந்தது. மாமனார் பேப்பருக்கு மேலே கண்ணை வைத்துக் காத்திருந்தார்.

“மாத்தி மாட்டிட்டேன்” என்றான் மாப்பிள்ளை.

“எதை?”

“ரெண்டையும்.”

அவள் காரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். “அப்ப பிரேக் நல்லாத்தான் இருக்கு?”

“பிரேக்ல ஒண்ணும் இல்ல. நான்தான்.”

“அது தெரிஞ்ச விஷயம்தானே” என்றவள், அடக்க முடியாமல் சிரித்தாள். அந்தக் காரின் பக்கத்தில் ஒரு மாதமாகக் கேட்காத சிரிப்பு. “எழுந்திரிங்க. வெளிச்சம் போறதுக்குள்ள கழட்டுங்க.”

கழற்றி மாற்றும்போது மாமனார் கேட்டார்: “என்ன மாப்பிள்ளை, டிசைன் பிடிக்கலையா?”

“கொஞ்சம் சும்மா இருங்கப்பா” என்றாள் மகள், சிரித்தபடியே காரில் ஏறி.

அமுக்கு, பிடி, விடு. இந்த முறை குழாயில் குமிழிகள் மந்தை மந்தையாக ஓடி வந்தன. அப்புறம் ஒன்றிரண்டாக வந்தன. அப்புறம் இல்லை. மறுபக்கமும் அப்படியே.

“ஏங்க.”

“என்னம்மா?”

“இது கீழ போக மாட்டேங்குது. கல்லு மாதிரி இருக்கு.”

மாப்பிள்ளைக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. கையெல்லாம் ஆயிலோடு அவன் தரையிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான்.

எங்காவது கசிகிறதா என்று டார்ச் அடித்துத் தேடினான். இல்லை. சக்கரங்களை மாட்டி, பின்பக்க வெற்றுத் தெருவில் தனியாகப் போய், மெதுவாக ஓட்டி நிறுத்தி, ஓட்டி நிறுத்தி, டிஸ்க்கை அழுத்தும் புது பேட்களைப் படிய வைத்தான். திரும்பி வந்தபோது மாமனார் பின்சீட்டில் ஏறி முதல் காரியமாகப் பெல்ட்டைப் போட்டார். “வரப்போற ஆளுக்கு நான்தானே பதில் சொல்லணும்.”

மனைவி ஓட்டுபவர் பக்கக் கதவைத் திறந்தாள். “நகருங்க.”

“நான்தானே நிறுத்திக் காட்டணும்?”

“வண்டி நிக்கணும்னுதான் சொன்னேன். நீங்க நிறுத்தணும்னு சொல்லல. இவ்வளவு நேரமா இந்தப் பெடலை மிதிச்சது யாரு? எங்களுக்குள்ள ஒரு பழக்கம் வந்துடுச்சு.”

கார் இறக்கத்தின் தலையில் ஒரு கணம் நின்று, மூக்கைத் தாழ்த்தியது. கீழே மெயின் ரோட்டில் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. வேகம் ஏறியது. அவள் இன்னும் மிதிக்கவில்லை. அவள் அவசரப்படவே இல்லை. மாப்பிள்ளை வாயைத் திறந்து, மூடி, இருக்கையைப் பற்றிக்கொண்டான். அப்புறம் அவள் கால் சாதாரணமாக நகர்ந்தது. கார் முனகக்கூட இல்லை. சொன்ன பேச்சு கேட்கும் ஆள் மாதிரி நின்றது. கோடு இன்னும் ஒரு கார் நீளம் தள்ளி இருந்தது. அதற்கு அப்பால் ஒரு பேருந்து நிம்மதியாகக் கடந்து போனது.

பின்சீட்டிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது.

“அவரை வர வேணாம்னு சொல்லிடவாம்மா?”

“சொல்லிடுங்கப்பா” என்ற மனைவி, பக்கத்து சீட்டின் கீழே குனிந்து பார்த்தாள். மாப்பிள்ளையின் வலது பாதம் வழுக்கை விழுந்த இடத்தில், அளவெடுத்து வைத்தது போல, கால்மிதியைத் தரையோடு தரையாக அழுத்திக்கொண்டிருந்தது.

“அங்க ஒண்ணும் இல்லங்க” என்றாள் அவள். “எதுக்கு வீணா மிதிக்கறீங்க?”