இன்னும் ஒரு சுத்து

கட்டிலின் நாலாவது காலுக்கடியில் செங்கல்லைத் தள்ளிவிட்டு மர்சலின் நிமிர்வதற்குள், முதல் மூன்று கால்களுக்கு வைத்த செங்கற்கள் தண்ணீருக்குள் போயிருந்தன. அப்பப்பா, என்ன மழை! மூன்று நாளாக வானம் பொத்துக்கொண்டு ஊற்றிவிட்டு இன்றைக்குக் காலையில்தான் ஓய்ந்திருந்தது. அரிசிப் பானை பரண்மேல் ஏறிவிட்டது, மாதா படம் அலமாரி உச்சிக்குப் போய்விட்டது. கட்டிலில் கிடந்த அப்பா பவுல்சாமி மட்டும் மகா சந்தோஷமாக இருந்தார்.

“மர்சா, துடுப்ப எங்க வச்சே?”

“துடுப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. கம்னு படு நைனா. மழத்தண்ணி பூந்துகீது.”

“மழத்தண்ணியாம்! ஏரி வந்துகீதுடி.”

“ஏரியாவது ஒண்ணாவது. எல்லாம் உன் கற்பனை.”

“கற்பனையா? எத்தினியாவது கற்பனை?” என்று கேட்டுவிட்டுக் கிழவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகிவிட்டது.

வேதத்தின் பத்துக் கட்டளைகளுக்கு அவர்கள் கோயிலில் பத்துக் கற்பனைகள் என்று பேர். பொய் சொல்லாதே என்பது எட்டாவது. கான்வெண்டில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கிற மர்சலின் டீச்சர் அந்த எட்டாவதைப் பிள்ளைகளுக்குப் பிரம்பை மேசைமேல் வைத்துக்கொண்டுதான் நடத்துவாள். அவளே அதற்கு அப்படிப் பயந்தவள்.

பவுல்சாமி வாலிபத்தில் மாம்பலம் ஏரியில் படகு விட்டவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் குடும்பம் குடும்பமாக ரொட்டியும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு வருவார்கள். அல்லி இலைகளை ஒதுக்கிப் படகை விட்டு, நாமக்கோழிக் குஞ்சுகள் நீந்துவதைக் காட்டி, ஒரு சுத்து சுத்திக் கொண்டுவந்து கரையில் இறக்குவது அவர் வேலை. இறங்கமாட்டேன் என்று யாராவது முரண்டு பிடித்தால், “சரி, இன்னும் ஒரு சுத்து” என்று படகைத் திருப்பிவிடுவார். அப்படி முரண்டு பிடித்தவர்களில் ஒருத்திதான் ஃப்ளோரா, மர்சலினின் அம்மா. பிறகு ஏரியை வடித்து, மண்ணைக் கொட்டி, மனை பிரித்து, தியாகராய நகர் என்று பேர் வைத்தார்கள். இருபது வருஷமாகிவிட்டது. இவர்கள் குடியிருந்த வாடகை வீடே அந்த ஏரியின் வயிற்றில்தான் நின்றது.

புத்தி தடுமாற ஆரம்பித்த ஆறு மாசமாகக் கிழவருக்கு ஒரே பாட்டு, ஏரிக்குப் போகணும். நாளைக்குப் போகலாம் நைனா என்று ஒரு வார்த்தை சொன்னால் குழந்தை மாதிரி தூங்கியிருப்பார். மர்சலினுக்கு நாக்கு வரவில்லை. ஏரி இல்லை, தூர்த்துட்டாங்க, இல்லவே இல்லை என்று தினமும் பாடம் நடத்தினாள். தினமும் அவர் அதை அப்போதுதான் கேட்கிறவராக முகம் வாடினார்.

“டீச்சரம்மா!”

வாசலில் இனாயத் பாய், பக்கத்து வீட்டுத் தச்சர். எட்டு வாழைமரங்களைச் சேர்த்துக் கட்டி, மேலே தன் வீட்டுக் கதவையே கழற்றிப் போட்டுத் தெப்பம் பண்ணிக்கொண்டு வந்திருந்தார்.

“மவுண்ட் ரோட்டு மேட்டாண்ட லாரி நிக்குது. நோயாளிங்கள ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறாங்க. பெரியவருக்கு மூச்சு சரியில்ல, சீக்கிரம் தூக்குங்க.”

ஆஸ்பத்திரி என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், பவுல்சாமி கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“உங்கம்மாள அங்கதான் இட்டுக்கினு போனோம். திரும்பி வந்தாளா? நான் வரமாட்டேன்.”

இனாயத் பாய் உள்ளே வந்து கிழவரின் விரல்களைப் பிரித்துப் பார்த்தார். படகு வலித்த கை, அசைந்தால்தானே! தண்ணீர் கட்டிலில் விரித்த கோரைப்பாயின் ஓரத்தை நனைத்துவிட்டது.

“தாயே, ஒரு பொய் சொல்லும்மா. அல்லா மன்னிப்பான்,” என்றார் பாய் தாழ்ந்த குரலில்.

மர்சலின் அலமாரி உச்சியில் இருந்த மாதா படத்தைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் காதோரம் குனிந்தாள்.

“நைனா, எழுந்திரு. ஏரிக்குப் போறோம்.”

கை தானாக விட்டது. “இத மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?” என்றார் கிழவர்.

கதவின்மேல் அவரைப் படுக்கவைத்துத் தலையை மடியில் தாங்கிக்கொண்டு மர்சலின் உட்கார்ந்தாள். இனாயத் பாய் முன்னால் நின்று மூங்கில் கழியை ஊன்றித் தள்ளினார். தெரு முழுக்கச் சத்தமே இல்லை. விளக்குக் கம்பங்கள் முழங்கால் தண்ணீரில் நின்றன, அப்புறம் இடுப்புத் தண்ணீரில் நின்றன. வேப்பமரங்கள் தலைகீழாகத் தண்ணீருக்குள்ளும் இருந்தன. தெருப் பேரே அவளுக்கு மறந்துபோயிற்று. ஒரு பங்களாவின் கேட்டுத் தூணில் கொக்கு ஒன்று காலங்காலமாக அங்கேயே இருப்பது போல உட்கார்ந்திருந்தது. தெப்பம் கிட்டே போயும் அது பறக்கவில்லை.

“சோத்தாங்கை பக்கம் வுடாதே. அங்க மடு,” என்றார் பவுல்சாமி கண்ணை மூடியபடியே.

பாய் சிரித்துக்கொண்டே வலப்பக்கம் கழியை இறக்கினார். கழி அடியைத் தொடவில்லை. சிரிப்பு நின்றுபோய், இடப்பக்கம் திருப்பினார்.

“கரை தெரிதா, மர்சா?”

தூரத்தில் மவுண்ட் ரோடு மேடாகத் தெரிந்தது. அது அந்தக் காலத்து ஏரிக்கரைதான் என்று அவர் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். அவள்தான் காதில் வாங்கியதில்லை.

“தெரிது நைனா. பனைமரம்கூடத் தெரிது.”

இதில் பொய் ஏதும் இல்லையே என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை முட்டியது. ஆறு மாசம்! கேட்டதெல்லாம் ஒரு வார்த்தை. அதைக் கொடுக்காமல் கையை மூடிக்கொண்டு இருந்தோமே!

பவுல்சாமி வலது கையைத் தண்ணீரில் விட்டு விரலால் கோடு இழுத்துக்கொண்டே வந்தார். “ஃப்ளோரா, ஆடாம குந்து,” என்றார் ஒரு தடவை. மர்சலின் ஆடாமல் உட்கார்ந்தாள்.

கொஞ்ச தூரம் போனபின் கவனித்தாள். கை இப்போது கோடு இழுக்கவில்லை, தண்ணீர்தான் கையை அசைத்துக்கொண்டிருந்தது. மார்பு எழும்பும் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். எழும்பவில்லை. குனிந்து காதில், “சேசு, மரி, சூசை” என்று சொன்னாள். சாகிறவர் காதில் மூன்று தடவை சொல்லவேண்டும். மூன்று தடவை சொன்னாள்.

மேட்டிலிருந்து லாரிக்காரன் ஹாரன் அடித்தான். தெப்பம் கரையில் இடித்து நின்றது.

“வந்துட்டோம் டீச்சரம்மா. பெரியவர எழுப்புங்க,” என்றார் இனாயத் பாய், திரும்பாமலே.

அவள் அப்பாவின் கையைத் தண்ணீரிலிருந்து எடுத்து முந்தானையால் துடைத்தாள். விரல் விரலாகத் துடைத்தாள்.

“பாய்.”

“இன்னாம்மா?”

“இன்னும் ஒரு சுத்து.”

இனாயத் பாய் திரும்பினார். மடியில் கிடந்த முகத்தையும் அவள் துடைத்துக்கொண்டிருந்த கையையும் பார்த்தார். கழியைக் கரையில் ஊன்றி, தெப்பத்தை மெல்லத் தண்ணீர்ப் பக்கமாகத் தள்ளினார்.