கூரைத்துணிக்கு மேலே ஒருவர்

“துணியைக் கிழிச்சா உன் மாமா நேரா என் தலையிலதானே விழுவாரு?” என்று அக்கா கேட்டபோது, படகு இருக்கைகளுக்கு உறை தைக்கும் தங்கை அளவுநாடாவைச் சுருட்டிக்கொண்டே, “விழட்டும், கீழே மெத்தைதானே” என்றாள். பழைய பாய்மரப் படகின் அறைக்கூரையில், பலகைக்கும் அதை மூடிய துணிக்கும் நடுவே அக்காவின் கணவரான மாமா படுத்து ஒன்பது வருடமாகியிருந்தது. நீண்ட பயணம் முடிந்து வந்த மதியம், “கொஞ்ச நேரம் படுக்குறேன், எழுப்பாதே” என்று சொல்லி, பிரிந்திருந்த ஓரம் வழியாக உள்ளே போனவர்தான். முதல் வருடம் துணி ஒரு விரல் தொங்கியது. இரண்டாம் வருடம் முழங்கைகள் தெரிந்தன. துறைமுக அலுவலகத்தில் படகில் வசிப்போர் இருவர் என்றே பதிந்து வந்தார்கள். ஒன்பதாம் வருடம், கீழே படுக்கும் அக்காவின் மூக்கை அவர் வயிறு தொட்டது. துணியை மாற்றினால் மனிதர் இறங்கித்தானே ஆக வேண்டும், இறங்கினால் நாலு வார்த்தை பேசமாட்டாரா என்று அவள் நினைத்தாள். “இந்தத் தடவை மத்தளம் மாதிரி இறுக்கிடுடி. திரும்ப ஏற இடமே இருக்கக் கூடாது.”

துணியை உரித்ததும் மாமா விழவில்லை. பரணிலிருந்து இறங்குகிறவர் போல மேசையில் கால் ஊன்றி இறங்கினார். துணிக்குப் பின்னாலிருந்த நுரைப்பஞ்சு மக்கி, உடம்பெல்லாம் ஆரஞ்சுத் தூள்.

“மணி என்ன?”

“மூணு.”

“அப்ப நேரம் இருக்கு” என்று படியில் உட்கார்ந்தார்.

தங்கை நான்கு நாள் கம்பித் தூரிகையால் பழைய பசையைச் சுரண்டினாள். அந்த நான்கு நாளும் அக்கா அவருக்கு ஒன்பது வருடத்தையும் சொன்னாள்: யார் செத்தது, யார் கல்யாணம் கட்டியது, தனக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கியது. மூன்றாம் நாள் அவர், “பல்லா?” என்றார். அக்கா அன்றே இன்னொரு தலையணைக்கு உறை போட்டாள்.

ஐந்தாம் நாள் தங்கைக்குத் தலைவாரக்கூடக் கை தூக்க முடியவில்லை. உரித்த துணியைப் புதியதன்மேல் விரித்து, விளிம்பைச் சுற்றிக் கோடு போட்டு வெட்டுவது வழக்கம். தொங்கிய துணி நீண்டிருக்கும், அந்த அளவுக்கு விளிம்பிலிருந்து உள்ளே தள்ளித்தான் கோடு போட வேண்டும். இத்தனை வருடத் தொழிலில் அன்றுதான் மறந்தாள். அந்தப் பசையோ ஒருமுறை அழுத்தினால் பிரியாது. மூன்று விளிம்பையும் ஒட்டிய பிறகுதான், நடுவில் சரியாக ஓர் ஆள் அளவுக்குத் துணி தொங்குவதைப் பார்த்தாள்.

“அடிப்பாவி!” என்றாள் அக்கா.

“இரு அக்கா, நாலாவது ஓரத்தை இழுத்துடறேன்.”

அவள் குறடு எடுத்துத் திரும்புவதற்குள் மாமா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, தோள்வரை உள்ளே போயிருந்தார். அக்கா அவர் கணுக்காலைப் பிடித்தாள். அது வெதுவெதுப்பாக இருந்தது. கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள், பிறகு விட்டாள்.

“புதுசு நல்லாருக்கு” என்று மேலிருந்து குரல் வந்தது.

“இப்ப இழுத்தா நசுங்கிடுவாரேக்கா” என்றாள் தங்கை.

மேலே குறட்டை தொடங்கிவிட்டது. தங்கை நான்காவது ஓரத்தில் சட்டம் வைத்து, அவருக்கு அதிராதபடி ஆணி அடித்தாள். மூன்றாவது ஆணியில் படகு லேசாகி ஒருபக்கம் எழும்பியது. எட்டிப் பார்த்தபோது, அக்கா தன் தலையணையை இடுக்கிக்கொண்டு படகுத்துறையைப் பாதி கடந்திருந்தாள்.