பூஞ்சைக்குச் சோறு போட்டவன்

1

இந்தக் கதை பிறந்ததே என் கைக்கோளாறில். ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு லேப். வெள்ளரி வேரைக் கெடுக்கும் நூற்புழுவை வலை பின்னிப் பிடித்துத் தின்னும் பூஞ்சையை வளர்க்கிறோம். நான் ஸ்டோர் கீப்பர். போன வாரம் எட்டிப் பார்த்தால், குடுவைகளில் பூஞ்சை நோஞ்சானாகக் கிடந்தது. மனசு கேட்கவில்லை. எல்லாவற்றிலும் சத்துத் திரவத்தை ஊற்றிவிட்டேன். (யாரைப் பார்த்தாலும் 'சாப்பிட்டாச்சா?' என்று கேட்கிற ஜாதி நாம்.)

2

வேறு தொடக்கம்: 'பாலைவனத்தில் சூரியன் மெல்ல…'

வேண்டாம். லேபில் ஜன்னலே கிடையாது.

3

தாமரை எங்கள் விஞ்ஞானி, திண்டுக்கல்காரி. இன்று குடுவையைப் பார்த்துத் தலையில் கைவைத்தாள். பூஞ்சை புதுமாப்பிள்ளை போல மொழுமொழுவென்று இருந்தது. புழுத்தோலைக் கரைக்கும் நொதி மட்டும் மாஃபி, ஒரு துளிகூட இல்லை.

"எந்தப் புண்ணியவான் ஊத்துனானோ! அரைப்பட்டினியா இருந்து, பக்கத்துல புழுவும் இருந்தாத்தான்ணே இது வலை பின்னும், நொதி சுரக்கும். வயிறு நெறைஞ்சவன் வேட்டைக்குப் போவானா?"

புண்ணியவான் அவசரமாக ஸ்டோர் கணக்கைப் பார்க்கப் போய்விட்டான். நாளை இந்தப் பூஞ்சையை வாங்கப்போகும் வெள்ளரிப் பண்ணைக்காரர் பார்க்க வருகிறார். நொதி இல்லையென்றால் தாமரைக்கு கான்ட்ராக்ட் கிடையாது, விசாவும் கலாஸ்.

4

மேனேஜர் சிவசங்கரன் என்ற பாத்திரம் எனக்கே நம்பும்படி இல்லை. தாமரை சொன்னதில் 'பட்டினி போட்டால் உற்பத்தி' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு, எங்கள் டீக்கு பிஸ்கட்டை நிறுத்திவிட்டார்.* "தாமரை வேலை என்னாகும் சார்?" என்றேன். "பாக்கலாம்" என்றார். டிரைவர் இர்ஷாத்தைக் கேட்டேன். "இன்ஷா அல்லாஹ், பாய்."

* மிகை என்று அடிக்கப் போனேன். பிஸ்கட் நிஜமாகவே வரவில்லை.

5

முடிவுகள்:

அ) பூஞ்சைக்குத் திடீரென்று பசிக்கிறது. (அறிவியல் விடாது.)

ஆ) பண்ணைக்காரர் மனமிரங்குகிறார். (அவர் வெள்ளரி விடாது.)

இ) ஸ்டோர் கீப்பர் மேனேஜர் ரூமுக்குப் போய், 'சார், அதை ஊற்றியது…'

6

வாசகரே, நீங்களே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்று நழுவத்தான் நினைத்தேன். அதற்கு முன் இந்தத் தாள்களைத் தாமரையிடம் நீட்டினேன். வாயால் சொல்ல முடியாததற்குத்தானே எழுத்து. பிஸ்கட் வந்த இடத்தில் சிரித்தாள். அதற்கப்புறம் சிரிக்கவில்லை.

"நேராச் சொல்லு தங்கச்சி, இதுக்கு ஒரு நல்ல முடிவு இருக்கா?"

"நீங்க போய்ச் சொன்னா, தப்பு என்னுது இல்லைன்னு ஆகி மறுபடி வளக்க எனக்கு டைம் கிடைக்கும், உங்க வேலை போகும். சொல்லலைன்னா என் வேலை போகும். நடுவுல ஒண்ணும் கிடையாதுண்ணே."