லாரிக்காரன் மாட்டிய சக்

பல் டாக்டரின் லேத்திலிருந்து கழன்ற சக், லாரிக்காரனின் கீழ்த்தாடையை இரண்டாக உடைத்தது, ஜன்னலைக் கம்பியோடு பெயர்த்துக்கொண்டு தெருவில் இறங்கியது, அதன்பிறகு ஒன்றரை வருடம் தரையைத் தொடவில்லை. லேத் என்கிற கடைசல் இயந்திரத்தில், கடைய வேண்டியதைத் தாடைகளால் கவ்விப் பிடித்துச் சுற்றுகிற உறுப்பு அது; சாப்பாட்டுத் தட்டின் அகலமும் நான்கு வயதுக் குழந்தையின் கனமும் உள்ள வார்ப்பிரும்பு. ஆள் நெஞ்சு உயரத்தில், லேத்தில் எந்த வேகத்தில் சுற்றியதோ அதே வேகத்தில் சுற்றிக்கொண்டு, மூன்று தாடைகளையும் முன்னால் திறந்து வைத்தபடி, வேலைக்குப் போகிறவனின் நிதானத்தோடு தெருத்தெருவாகப் போய்க்கொண்டிருந்தது. எதிரில் சுவர் வந்தால் சுவரில் ஓட்டை விழுந்தது. ஆள் வந்தால் ஆளில்.

லேத் பல் டாக்டருடையது. அந்த அம்மாள் வாரம் முழுக்க முன் அறையில் மற்றவர்களின் வாய்க்குள் வேலை பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் பின் அறையில், மேசை மேல் வைக்கிற சின்ன லேத்தில் கையடக்க நீராவி இயந்திரங்கள் செய்வார். பொம்மை என்று யாராவது சொன்னால் கோபம் வரும். அவை ஓடும், விசில் அடிக்கும், அசட்டையாகத் தொட்டால் தோலை உரித்துவிடும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கூடப் பிறந்தது ஒரே தம்பி, அவன்தான் லாரிக்காரன். நான்கு லாரிகளும் ஒரு பழைய இரும்பு யார்டும் வைத்திருந்தான். டிரைவர்களை அடிப்பான், கிளீனர்களை அடிப்பான், ஒருமுறை மரத்தில் மோதி நின்ற லாரியையே இறங்கி அடித்ததைப் பார்த்தவர்கள் உண்டு. அவனுடைய மனைவி ஒரு மத்தியானம் இடது காதிலிருந்து ரத்தம் ஒழுக, உடைந்த இரண்டு பற்களைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு டாக்டர் வீட்டுப் படியேறினாள். பற்களை டாக்டர் சரிசெய்தார். இடது காது கேட்காமலே போயிற்று. மாடி அறைச் சாவியை அவள் கையில் வைத்து, "அவன் வந்தா நான் பேசிக்கறேன். நீ கீழ இறங்காத," என்றார்.

ஆனால் தம்பி மனைவி இறங்கினாள். லேத் ஓடும்போது தரை வழியாகக் கால்களில் ஏறும் அதிர்வு அவளுக்குப் பிடித்துப்போனது. முதலில் இரும்புச் சுருள்களைக் கூட்டி அள்ளினாள், பிறகு பித்தளை கடைந்தாள், வருடம் திரும்புவதற்குள் டாக்டரைவிடச் சுத்தமாகத் திருகு மரை வெட்டினாள். அந்தச் சமயத்தில்தான் புது இயந்திரத்துக்கான சிலிண்டர் வார்ப்பு வந்து சேர்ந்தது. ஒரு பக்கம் புடைப்பு, ஒரு பக்கம் தட்டை. லேத்தோடு வந்த சக் அதைப் பிடிக்க மறுத்துத் துப்பியது.

"மூணு தாடை சக்குன்னா சாவிய ஒரு திருகு, மூணும் ஒண்ணாக் கூடி வந்து பிடிச்சுக்கும். சுலபம். ஆனா உருண்டையா இருக்கறதத்தான் பிடிக்கும்," என்றார் டாக்டர். "நாலு தாடைல ஒவ்வொண்ணும் தன் இஷ்டத்துக்குப் போகும். எவ்வளவு கோணலா இருந்தாலும் நடுவுக்குக் கொண்டாந்துடலாம். என்ன, உயிரை வாங்கிடும்."

"வாங்கட்டும் அண்ணி. எனக்கு வேற என்ன வேலை?"

உள்ளங்கை அகலத்தில் ஒரு நான்கு தாடை சக்குக்குச் சொல்லி அனுப்பினார்கள். லேத்தில் சக் திருகி ஏறுகிற தண்டு தாங்குகிற அளவுக்கு மேல் ஒரு விரற்கடைகூட வேண்டாம் என்பதில் இருவருக்கும் ஒரே பேச்சு.

இது லாரிக்காரன் காதுக்கு எட்டியது. மனைவியை மீட்க இதுதான் வழி என்று அவனுக்குத் தோன்றியது. யார்டில் கிடந்த ஏதோ ஆலை லேத்தின் ராட்சத சக்கைத் தூசி தட்டி, டாக்டரின் சின்னத் தண்டில் ஏறும்படி அதன் பின்னால் ஒரு மரைத் தட்டு போட்டு, சீர்வரிசை மாதிரி தோளில் சுமந்து வந்து பின் அறையில் இறக்கினான்.

"டேய், இது என் மெஷினைவிடக் கனம்டா. மாட்டினா தாங்காது," என்றார் டாக்டர்.

"பெருசா இருந்தாத்தான்க்கா பிடி இருக்கும். பல்லு புடுங்கறவளுக்கு இரும்பப் பத்தி என்ன தெரியும்?"

அவனே மாட்டினான், தாடைகளைக் கடைசிவரை திறந்தான், மோட்டாரை ஓட்டினான். லேத் மேசையோடு சேர்ந்து நடுங்கியது. மாடிப்படியில் நின்ற தம்பி மனைவி, "நிறுத்துங்க, அது கழண்டுடும்," என்றாள். வீட்டை விட்டு வந்தபிறகு அவள் புருஷனிடம் பேசிய முதல் வார்த்தை அது. அவன் போய் அவள் கன்னத்தில் அறைந்தான். பின்னலைப் பிடித்து இழுத்து வந்து, சுற்றுகிற சக்குக்கு ஒரு சாண் எதிரில் அவள் முகத்தை நிறுத்தி, "எங்க கழலுது? காட்டு," என்றான். டாக்டர் கைக்குக் கிடைத்த இரும்புத் தடியால் அவன் முதுகில் ஓங்கிப் போட்டார். அவன் பிடி விட்டது, அவள் கீழே விழுந்தாள், அவனுடைய கை சுவிட்சில் மோதி, முழு வேகத்தில் ஓடிய மோட்டாரை எதிர்த்திசைக்குத் தட்டிவிட்டது. தண்டு நின்று மறுபக்கம் திரும்பியது. சக் திரும்பவில்லை, தன் வேகத்திலேயே சுற்றி, மரையில் விறுவிறுவென்று கழன்று, வெளியே கிளம்பியது. முதுகைப் பிடித்துக் குனிந்திருந்த லாரிக்காரனின் தாடை சரியாக அந்த உயரத்தில் இருந்தது.

தம்பியின் தாடைக்குக் கம்பி கட்டியதும் டாக்டர்தான். மரத்துப்போக ஊசி போட்டாரா இல்லையா என்பதில் தெருவில் இரண்டு கருத்து உண்டு.

முதல் மாதத்தில் சைக்கிள் கடைக்காரர் இறந்தார். ஒரு சக்கரத்துக்குக் கோட்டம் பார்த்துக்கொண்டிருந்தவர், பின்னால் இன்னொன்று சுற்றுவதைப் பார்க்கவில்லை. அடுத்து தையற்காரருக்கு வலது கை தோளோடு போயிற்று. நூலகத்தில் அது சரித்திரப் பகுதியில் நுழைந்து சமையல் பகுதி வழியாக வெளியேறியது. போலீஸ், தேடப்படும் நபருக்குரிய படிவத்தில் அதன் அகலத்தையும் கடைசியாகக் காணப்பட்ட இடத்தையும் எழுதிக்கொண்டது. பிறகு ஊர் பழகிக்கொண்டது. சுவர் எழுப்பியவர்கள் நெஞ்சு உயரத்தில் ஒரு வளையம் விட்டு எழுப்பினார்கள். தொலைவில் அந்த உறுமல் கேட்டால் பேச்சை நிறுத்தாமலே குனிந்து, அது தலைக்கு மேல் போனதும் நிமிர்ந்து, விட்ட வார்த்தையிலிருந்து தொடர்ந்தார்கள். உயரமானவர்களுக்குப் பெண் கொடுக்க யோசித்தார்கள்.

லாரிக்காரன் மட்டும் குனியவில்லை. கம்பி கட்டிய வாயோடு அதை வழிமறித்து நின்றான். கடப்பாரையால் அடித்தான், கடப்பாரை வளைந்து திரும்பி அவனுடைய காறை எலும்பை உடைத்தது. சம்மட்டியோடு போனான், முழங்கால் போயிற்று. கடைசியில் லாரியை ஏற்றினான். சக் முன்பக்கம் நுழைந்து எஞ்சினைக் கடைந்து, பின் அச்சை முறித்து, பின்பக்கமாக வந்து தன் வழியே போனது. உடைந்த ஒவ்வொரு எலும்புக்கும் அவன் ஆட்களில் ஒருவன் அடி வாங்கினான். ஆட்கள் தீர்ந்ததும் அக்காவிடம் வந்தான். இத்தனைக்கும் காரணம் தன் மனைவிதான், அவள் தன் வீட்டுக்குத் திரும்பி வந்தால் சக்கும் நின்றுவிடும் என்று பற்களுக்கிடையில் சொன்னான். அதைக் கேட்டுத் தலையாட்ட வாசலில் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். கை போன தையற்காரரும் அதில் ஒருவர். டாக்டர் முடியாது என்றார். லாரிக்காரன் அக்காவின் வலது கையைக் கதவு இடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினான். வாசலில் நின்ற யாரும் உள்ளே வரவில்லை.

மணிக்கட்டுக்கு மாவுக்கட்டு போட்டுக்கொண்டு வந்த டாக்டர், அடுத்த வாரம் தம்பி மனைவியிடம், "நீ பஸ் ஏறி எங்கயாவது போயிடு. இங்க இருந்தா உன்னக் கொன்னுடுவான்," என்றார்.

"எல்லாரும் அந்தச் சனியன் பறக்கறதாலதான அவன் பக்கம் நிக்கறாங்க? அத நிறுத்திட்டா?"

"எப்படிடி நிறுத்துவ? லாரியே நிறுத்தல."

"லாரிக்கு மரை இல்லையே அண்ணி."

அவள் யோசித்தது இவ்வளவுதான். சக் அடித்தால் நிற்காது. அது தண்டிலிருந்து கழன்ற பொருள், தண்டு கிடைத்தால் ஏறிக்கொள்ளும். பின்னால் இருக்கிற தண்டுக்கு அது கழல்கிற சுற்று, எதிரில் நீட்டுகிற தண்டுக்கு ஏறுகிற சுற்று. சக்கின் நடு ஓட்டை பெரியது, தாடைகளை அவனே அகலத் திறந்து வைத்திருக்கிறான், மரை பின் தட்டில் அந்தப்பக்கம்வரை துளைத்துக்கொண்டு போகிறது. நீளமான ஒரு தண்டை அசையாமல் அதன் முகத்துக்கு நேரே நீட்டினால் போதும்.

நொறுங்கிய லாரியின் அச்சிலிருந்து கை நீளத்துக்கு வெட்டிக்கொண்டு வந்தாள். அந்த உருக்கு பொல்லாதது. வந்து சேர்ந்திருந்த நான்கு தாடை சக்கில் அதைக் கட்டி, ஒவ்வொரு தாடையாகத் தளர்த்தி இறுக்கி நடுவுக்குக் கொண்டுவந்தாள். முதலில் வெட்டுவதற்குக் கார்பைடு முனை போட்டாள், கடினமான இரும்புக்கு அதுதான் என்று எல்லோரும் சொல்வார்கள். சின்ன லேத் தாளவில்லை. ஒரு நடுக்கத்துக்கு ஒரு முனை உடைந்து கண்ணாடித் துணுக்காகத் தெறித்தது, ஒன்று அவள் புருவத்தில் தைத்தது. முனைகள் தீர்ந்ததும் ஹைஸ்பீடு ஸ்டீல் என்கிற வெட்டு உருக்கில் ஒரு கட்டையை எடுத்துக்கொண்டு சாணைக்கல்லுக்குப் போனாள். அது சீக்கிரம் மழுங்கும்; ஆனால் மழுங்கினால் மறுபடி தீட்டலாம். மரையின் கோணத்துக்குத் தீட்டி, அளவுத் தகட்டில் ஒட்டி வெளிச்சம் புகாமல் பார்த்து, மோட்டாரை நிறுத்திவிட்டுக் கையாலேயே தண்டைச் சுற்றி, மயிரிழை மயிரிழையாக வெட்டினாள். மாவுக்கட்டுக் கையோடு டாக்டர் எண்ணெய் விட்டார்.

ஒரு மத்தியானம் அதை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். ஜனங்கள் குனிந்து, சுவரோரமாக ஒதுங்கி உட்கார்ந்தார்கள். உறுமல் பேக்கரி மூலையில் திரும்பியது. அவள் தண்டை நெஞ்சுக்கு நேரே இரண்டு கையாலும் பிடித்து நின்றாள். மூத்திரம் பிரிந்து கணுக்கால்வரை வந்தது, தண்டின் நுனி அசையவில்லை. அந்த நேரத்தில் லாரிக்காரன் நொண்டிக்கொண்டு பின்னால் வந்தான். "என்னக் கேக்காம தெருவுல நிப்பியா?" என்று அவள் பின்னலைக் கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு இழுத்தான். இடது பக்கம் வந்ததால் அவளுக்குக் கேட்கவில்லை. இழுத்தபோதும் அவள் திரும்பவில்லை.

தண்டு தாடைகளுக்கிடையில் நுழைந்தது. மரை மரையைக் கண்டுகொண்டது. ஒரு மூச்சு நேரம் கிறீச்சென்ற சத்தம், பிறகு கடைசிப் புரி இறுகி, சக் அவளையும் சேர்த்துச் சுற்றியது. தலை கால் என்று தெரியாமல் அவள் தெரு நடுவில் சக்கரமாகச் சுழன்றாள். பின்னலின் நுனியில் லாரிக்காரன் அதைவிடப் பெரிய சக்கரமாகச் சுழன்றான். அவன் கால்கள் பேக்கரியின் பெயர்ப்பலகையைப் பெயர்த்தன, விளக்குக் கம்பத்தை வளைத்தன, வேடிக்கை பார்க்க எழுந்த தையற்காரரை மறுபடி உட்கார வைத்தன. அவன் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினான், பிறகு அக்காவைக் கூப்பிட்டான். பிறகு பின்னல் உச்சந்தலைத் தோலில் ஒரு துண்டோடு பிய்ந்தது. அவன் மூன்று கூரைகளைத் தாண்டிப் பனிக்கட்டி ஆலையின் தகரத்தைப் பொத்துக்கொண்டு உள்ளே விழுந்தான்.

அவள் தண்டை விடவில்லை. உள்ளங்கைத் தோல் உரிந்து வழுக்கியபோதுதான் கால் தரையில் பட்டது. தண்டு அவள் கைகளுக்குள் ரத்தத்தில் வழுவழுவென்று சுற்றிக்கொண்டிருந்தது. தண்டு கிடைத்துவிட்ட சக்குக்கு அதற்குமேல் எங்கும் போகத் தோன்றவில்லை, சுற்ற மட்டும் தோன்றியது.

லாரிக்காரன் சாகவில்லை, கழுத்துக்குக் கீழே மட்டும் செத்துப்போயிற்று. கையில் சுற்றிய பின்னலை எந்த நர்ஸாலும் பிரிக்க முடியாமல் அதோடே யார்டுக்குக் கொண்டுவந்து போட்டார்கள். பழைய டிரைவர்கள் முறைபோட்டுச் சோறு ஊட்டினார்கள். ஒவ்வொரு வாய்க்கும் அவன் "போடுங்க" என்று சொல்லும்வரை நிதானமாகக் காத்திருந்தார்கள். அவன் மனைவி போய்ப் பார்க்கவில்லை. டாக்டர் வருடத்துக்கு ஒருமுறை போய்ப் பற்களைச் சுத்தம் செய்துவிட்டு வந்தார். தெருக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து தம்பி மனைவியிடம் நலம் விசாரித்தார்கள். அவள் காது கேட்காத பக்கத்தை அவர்களுக்குக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

சக் நிற்கவே இல்லை. நிற்காத சக்கில் எதையும் மாட்ட முடியாது என்பதால் சக் என்ற முறையில் அது உதவவில்லை. பெண்கள் இருவரும் அந்தத் தண்டை இரண்டு பேரிங்கில் உட்கார வைத்து, மோட்டாரைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, அதிலிருந்து லேத்துக்கு ஒரு பெல்ட் மாட்டினார்கள். நான்கு தாடை சக்கில் கோணல் சிலிண்டர் நடுவுக்கு வந்தது, இயந்திரம் முடிந்தது, அடுத்தது தொடங்கியது. பல மாதங்களாகப் பின் அறை மீட்டர் அசையாததைக் கண்டு மின்சார அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். ஓடுகிற லேத்தைப் பார்த்தார், பெல்ட்டைப் பார்த்தார், எந்த வயரும் போகாமல் சுற்றுகிற இரும்பைச் சற்று நேரம் பார்த்தார். பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"பெல்ட்டுக்கு ஒரு கூண்டு போட்டுடுங்கம்மா," என்றார். "துணி கிணி மாட்டிக்கப் போகுது."