வெயிலில் பச்சை

படம் மறுபடியும் திரும்பி வந்தது. அம்மா ஞானசுந்தரி அதைச் சாப்பாட்டுக் கூடையிலிருந்து எடுத்துக் கட்டிலில் போட்டாள்.

"ஏ அனு, முத்துப்பேச்சி அக்காவுக்குத் திரும்பவும் காமாலை வந்துருச்சு."

அனுப்பிரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கறுப்பு வெள்ளைப் படத்துல எங்கேருந்தும்மா காமாலை வரும்?" டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தாள். சுத்தமான சாம்பல் நிறம்.

"இங்கன நல்லாத்தான் இருக்கு. அங்கன கொண்டுபோனா மூஞ்சி பச்சையடிக்குதே! அம்புட்டுப் பேரும் சொல்லுதாக."

முத்துப்பேச்சி பட்டாசுக் கம்பெனியில் அம்மாவோடு சரவெடி பின்னியவள். மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தாள். இருந்த ஒரே படம் நோய் முற்றியபின் எடுத்தது, கண்ணெல்லாம் மஞ்சள். மகள் மாரிசெல்விக்கும் அங்கேதான் வேலை. அவள் அந்த முகத்தைத் தினமும் பார்க்க வேண்டாமென்றுதான் கூட வேலை பார்ப்பவர்கள் கறுப்பு வெள்ளையில் கேட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை சாப்பாட்டு ஷெட்டில் மாலை போட வேண்டும்.

திருத்தங்கல் ஸ்டுடியோவில் அனுப்பிரியாதான் பிரிண்ட் போடுபவள். கறுப்பு மை மட்டும் விட்டால் கன்னத்தில் மணலை அப்பியதுபோலப் புள்ளி விழுந்தது. கலர் மைகளைக் கலந்தால்தான் சாம்பல் வழவழப்பாக வந்தது. வந்தும் இந்தப் பாடு.

"பச்சைன்னா ஒரு போட்டோ எடுத்து அனுப்பக் கூடாதா?"

"போனை வாட்ச்மேன்கிட்டக் குடுத்துட்டுல்லா உள்ள போறோம்."

"சரி, லைட்டைப் போட்டுப் பாத்தீகளா?"

அம்மா சிரித்துவிட்டாள். "வெடிக் கம்பெனியில லைட்டா? எங்க ஷெட்டுல ஒயரே கிடையாதுடி!"

அனுப்பிரியாவுக்கு அது பிறந்ததிலிருந்து தெரிந்த சங்கதி. வெளிச்சம் இறங்குமுன் அம்மாவின் வேன் வந்துவிடுவது அதனால்தான். அவளோ இத்தனை நாளும் டியூப்லைட்டின் கீழ் நிறம் பார்த்திருக்கிறாள். கலந்த மையின் சாம்பல் டியூப்லைட்டில் ஒன்றாகவும் வெயிலில் வேறாகவும் தெரியும்.

மறுநாள் ஸ்டுடியோவுக்கும் நடுத்தெருவுக்குமாக ஓடினாள். பச்சை போகும்வரை மையை மாற்றி மாற்றிப் போட்டு, வெயிலில் பிடித்துப் பார்த்தாள்.

"என்னம்மா, வத்தல் காயப்போடுதியா?" என்றார் முதலாளி சாலமன்ராஜ். கடைசிப் பிரிண்டை உள்ளே வாங்கிப் பார்த்தவர் முகம் சுளித்தார். "ரோஸ் கலரா இருக்கு! இதையா குடுக்கப் போற? கடை பேரு என்னத்துக்கு ஆகும்?"

"இந்தப் படம் டியூப்லைட்டைப் பாக்கவே போறதில்ல அண்ணாச்சி," என்று வெடுக்கெனப் பிடுங்கிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா வந்ததும் அனுப்பிரியா கூடைக்குள் கையை விட்டாள். தூக்குச்சட்டி மட்டும் இருந்தது.

"பச்சை?"

"பச்சையுமில்ல, மஞ்சளுமில்ல. மாலைதான் பெருசாப் போயி பாதி மூஞ்சிய மறைச்சிருச்சு."

அனுப்பிரியா தலையில் அடித்துக்கொண்டாள்.

"மாரிசெல்விதான் எந்திரிச்சு ஒதுக்கிவிட்டா," என்றாள் அம்மா. "பெறகு அதுக்கு நேரா உக்காந்து சோறு தின்னா."