காலியாக விட்ட இடம்

டாக்டர்கள் ரெக்கார்டரில் பேசி அனுப்புவதைக் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்வது அவள் வேலை. வாயில் நுழையாத வியாதிப் பெயர்களெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. டாக்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கொச்சை வார்த்தைகள் அதைவிட அத்துப்படி. டீ நேரத்தில் ஒருத்தி ஒரு வார்த்தையைச் சொல்வாள், மற்றவர்கள் அர்த்தம் சொல்ல வேண்டும். விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஆனால் அப்படியொரு வார்த்தை ஒலிப்பதிவில் வந்தால் தட்டக் கூடாது, அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட வேண்டும் என்பது ஆபீஸ் சட்டம். நோயாளியின் வீட்டார் படித்துத் தொலைத்தால் யார் பதில் சொல்வது?

அன்று காலை அப்பாவின் கட்டிலருகே அவளே வீட்டாராக நின்றாள். பெரிய டாக்டர் வந்தார், பார்த்தார், நர்ஸிடம் மருந்துகளைச் சொன்னார், கடைசியில் குரலைத் தாழ்த்தி "ஸ்லோ கோட்" என்றார், போய்விட்டார்.

இவர் இனிப் பிழைக்க மாட்டார், இதயம் நின்றால் ஓடி வர வேண்டாம், வருகிற மாதிரி வந்தால் போதும் என்று அர்த்தம். போன மாதம் இதே வார்த்தைக்கு முந்திக்கொண்டு பதில் சொன்னதும் அவள்தான், முதலில் சிரித்ததும் அவள்தான். இப்போது சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. மனசு மரத்துக் கிடந்தது. அழுகை வராதது அவளுக்கே வெட்கமாக இருந்தது. டாக்டர் பேசப் பேசப் பழக்க தோஷத்தில் கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்த விரல்கள் அந்த வார்த்தையில் நின்றவைதான், அப்படியே நின்றிருந்தன.

அப்பா வீட்டுக்குக் கிளம்பும்போது போட்டுக்கொள்ளட்டும் என்று கொண்டுவந்த சட்டையை அம்மா மடியில் வைத்து நீவிக்கொண்டிருந்தாள்.

"என்னடி சொல்லிட்டுப் போறாரு? உங்கண்ணன் வேற, இப்பவே வரணுமா, அடுத்த மாசம் லீவுல வந்தாப் போதுமான்னு கேட்டுக்கிட்டே இருக்கான்."

"தெரியலைம்மா."

பக்கத்துக் கட்டில்காரர்களுக்கெல்லாம் ரிப்போர்ட் படித்துச் சொன்னவள் இவள். "டாக்டர் பாஷையா? என் பொண்ணைக் கேளுங்க" என்று வார்டு முழுக்கத் தம்பட்டம் அடித்தவள் அம்மா.

"உனக்கா தெரியலை?"

அவள் தரையைப் பார்த்தாள். சரியாகிவிடும் என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம்.

அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சட்டையை மடித்துப் பையின் அடியில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.

"அண்ணனை இன்னைக்கே கிளம்பி வரச் சொல்லு. வெளிய போய்ப் பேசு, அப்பாவுக்குக் காது கேக்கும்."