இருபத்தைந்தைத் தொட்டால்

"என்னமோ சொல்ல வந்தியே, சொல்லு."

"ஒண்ணுமில்ல மச்சான். சூட்கேஸ் சக்கரம் ஒரு பக்கம் ஆடுது. பாத்து இழுங்க."

"அதுக்கா இவ்வளவு நேரம் கையப் புடிச்சுக்கிட்டு நின்ன?"

திருச்சி விமான நிலைய வாசலில், கல்யாணமான மூன்றாம் மாதம் நடந்த பேச்சு அது. சாமியா சொல்ல வந்தது சக்கரத்தைப் பற்றி அல்ல. 'போகாதீங்க' என்ற ஒரு சொல். புறப்படுகிற மனுசனை மனசு கலங்க விடக்கூடாது என்று அன்றைக்கு விழுங்கினாள். அதற்குப் பிறகு அவள் கணவன் முகமது ரபீக் இரண்டு முறை ஊர் வந்து போனான். இரண்டு முறையும் விழுங்கினாள்.

இந்த முறை அவன் சேமிப்பைப் போட்டு ஒரு ஃபைபர் படகு வாங்கியிருந்தான். தெரிந்தவர் ஒருவரிடமிருந்து இருபத்தைந்து குதிரைசக்தி மோட்டாரும் கிடைத்தது. ஆனால் குவைத் விசாவும் வந்துவிட்டது. டிராவல்ஸ்காரர் இன்று சாயங்காலத்துக்குள் பாஸ்போர்ட் கேட்டிருந்தார்.

"லோடோட மணிக்கு இருபத்தஞ்சு கிலோமீட்டர் ஓடிருச்சுன்னா இங்கயே இருக்கேன். நண்டு சாகாம ஏலத்துக்கு வந்து சேர அந்த வேகம் வேணும். ஓடலைன்னா பாஸ்போர்ட்டக் குடுத்துர்றேன்" என்று காலையில் சொல்லியிருந்தான்.

வெள்ளிக்கிழமை. கோட்டைப்பட்டினத்தில் அவனோடு தொழிலுக்கு வருகிற ஆட்கள் ஜும்ஆ நாளில் கடலில் இறங்கமாட்டார்கள். வலையை ஏற்றியாயிற்று, ஐஸ் பெட்டிகளில் தண்ணீரும் நிரப்பியாயிற்று. ஆட்களின் எடைக்கு என்ன செய்வது?

"எடைதானே வேணும்?" என்று ரபீக்கின் அக்கா சாரா உம்மாள் சேலையை இழுத்துச் செருகினாள். "ரெண்டு ஆளுக்கு நான் ஒருத்தி போதும். சாமியாவும் ஏறட்டும்."

"லாத்தா, பொம்பளைங்க ஏறி யாரு பாத்திருக்கா?"

"நாங்க ஏறலைன்னா மணல் மூட்டைய ஏத்துவ. மூட்டை ஒனக்கு டீ கொண்டாந்திருக்குமா?" என்று ஃபிளாஸ்க்கை ஆட்டிக் காட்டினாள்.

சாமியா முதல் முறையாகப் படகில் ஏறினாள். காலடியில் தரை அசைந்தது. பயம் வரும் என்று நினைத்தாள்; சிரிப்பு வந்தது. வேகம் காட்டும் செயலியைத் திறந்து போனை அவள் கையில் கொடுத்தான் ரபீக். "சத்தமா வாசிக்கணும், சரியா?"

ஆழத்துக்கு வந்ததும் மோட்டாரின் கைப்பிடியை முறுக்கினான். மோட்டார் அலறியது. படகு அசைந்து அசைந்து போனது.

"பன்னெண்டு" என்றாள் சாமியா. "இன்னும் பன்னெண்டுதான்."

"இந்தச் சத்தத்துக்கு இலங்கைக்கே போயிருக்கணுமே" என்றாள் சாரா உம்மாள்.

சாமியா பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மோட்டார் கீழே வெள்ளை வெள்ளையாக நுரை கக்கியது. "மச்சான், புரொப்பல்லருக்கு மேல ஒரு தட்டு இருக்கே, அது தண்ணிக்கு வெளிய தெரியணுமா?"

ரபீக் குனிந்து பார்த்தான். தலையில் அடித்துக்கொண்டான். இந்தக் கரையில் சேறும் பாசியும் அதிகம். அதனால் எல்லோரும் மோட்டாருக்கு அடியில் ஒரு பலகை வைத்து உயர்த்தித்தான் மாட்டுவார்கள். அவனும் வைத்தான். மற்றவர்களுடைய மோட்டார்களுக்குக் கால் நீளம், இது குட்டைக்கால் என்பதை மட்டும் மறந்துவிட்டான். படகின் அடிமட்டத்துக்கு நேராக நிற்க வேண்டிய தட்டு மேலே ஏறி நின்றது. புரொப்பல்லர் தண்ணீரோடு காற்றையும் இழுத்தது.

இடுப்பளவு ஆழத்துக்குத் திரும்பிக் குதித்தான். திருகுகளைத் தளர்த்தி, சாரா உம்மாள் மோட்டாரை மேலே பிடித்துக்கொள்ள, பலகையை உருவி எறிந்தான். தட்டும் படகின் அடிமட்டமும் ஒரே கோட்டுக்கு வந்தன.

இப்போது அலறல் இல்லை. தண்ணீரைப் பிடித்துத் தள்ளுகிற நல்ல கனமான சத்தம்.

"பதினஞ்சு! பதினேழு... பத்தொன்பது" என்று வாசித்தவள் நிறுத்தினாள். எண் நகரவில்லை. படகு மூக்கைத் தூக்கிக்கொண்டே போனது. மோட்டார் பாரம் இழுக்கிற மாடு மாதிரி முக்கியது.

ரபீக் வேகத்தைக் குறைத்தான். கரையைப் பார்த்தான். அந்தப் பார்வை சாமியாவுக்குத் தெரியும். விமான நிலையத்தில் உள்ளே போவதற்கு முன் பார்க்கிற பார்வை.

"மோட்டாரோட இன்னொரு புரொப்பல்லர் குடுத்தாங்களே, அது எங்கிட்டு?" என்றாள் அவசரமாக.

"படகுலதான் கெடக்கு. ஆனா அது பதினொண்ணு. மாட்டியிருக்கறது பதிமூணு. ஒரு சுத்துக்குப் பதிமூணு இஞ்சு முன்னால தள்ளும். பதினொண்ணு அதவிடக் கம்மிதானே?"

"தள்ளுறதுக்கு முதல்ல சுத்தணும்ல? அது சுத்தவே முடியாம முக்குதே."

அவன் அவளையே பார்த்தான். "மோட்டார் குடுத்தவரு வெறும் படகுல ஓட்டிக் காட்டினப்பதான் பதிமூணு பறந்துச்சு. நீ சொல்றது சரிதான், புள்ள."

"பேசிக்கிட்டே இருங்க. எனக்கு ஜும்ஆவுக்குள்ள சோறு ஆக்கணும்" என்றாள் சாரா உம்மாள்.

இடுப்பளவு ஆழத்துக்கு வந்து மறுபடியும் தண்ணீரில் குதித்தான். புரொப்பல்லரின் நட்டையும் அதைப் பூட்டுகிற ஊசியையும் சாமியா உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்தாள். அவை சேற்றில் விழுந்தால் எல்லாம் முடிந்தது. அவன் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகக் கொடுத்தாள்.

முறுக்கினான். மூக்கு தூக்கியது. ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு மெல்லத் தாழ்ந்தது. படகு தண்ணீருக்குள்ளிருந்து எழுந்து, தண்ணீர் மேலேயே வழுக்கத் தொடங்கியது.

"இருபது! இருபத்தொண்ணு! மதினி, புடிச்சுக்கங்க! இருபத்திமூணு!"

"யா அல்லாஹ், என் ஃபிளாஸ்க்கு!" என்று சாரா உம்மாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். சாரல் முகத்தில் அறைந்தது. சாமியாவின் முக்காடு பின்னால் படபடத்தது. ரபீக் சின்னப் பையனைப் போலக் கூவினான். இவ்வளவு சந்தோஷமாக அவனை அவள் பார்த்ததே இல்லை.

"இருபத்திநாலு!"

எண் அங்கேயே நின்றது. கைப்பிடி முழுவதும் திரும்பிவிட்டது.

"இப்ப எவ்வளவு? சாமியா, எவ்வளவு?"

இருபத்தஞ்சு என்று சொல்லிவிடலாம். போன் அவள் கையில்தான் இருக்கிறது. நாக்கு நுனிவரை வந்தது அந்தப் பொய். அடுத்த கணம் அவளுக்கு வெட்கமாக இருந்தது. தன் வாயால் கேட்க வேண்டியதை ஒரு புரொப்பல்லரைக் கேட்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாளே.

போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். வலையைப் பிடித்துப் பிடித்து நகர்ந்து, அவன் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவன் வேகத்தைக் குறைத்துக் குனிந்தான்.

"இருபத்திநாலுதான் மச்சான். நாளைக்கு இருபது ஓடினாலும் சரி, ஓடாமலே போனாலும் சரி. நீங்க போகாதீங்க. என்கூடயே இருங்க."